எல்லாக் கார்ட்டூனிலும் ரஜினி பேச வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலக் கார்ட்டூன் தொடர்களில் வரும் சினிமா நையாண்டி நம்மவர்களுக்குப் புரிவதில்லை, தமிழ் சப்டைட்டிலில் அதையெல்லாம் தமிழ்ப்பட வசனமாக மாற்றிப் போட்டால்தான் சிரிப்பு வரும் என்று வாசகர் ஒருவர் சென்ற வாரம் இப்பகுதியில் எழுதியிருந்தார். சப்டைட்டில் எழுதியே பிழைப்பவர்கள் நாங்கள். அவர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியைக் கேட்டு நடந்தால் இருக்கிற சிரிப்பும் போய்விடும்.

ஒரு நையாண்டி வசனத்தில் இருக்கலாம், படத்தில் இருக்கலாம், பின்னணி இசையில் இருக்கலாம். எதில் இருக்கிறது என்று தெரியாமல் கை வைத்தால்தான் கோளாறு. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. 22 நிமிட அத்தியாயத்தை முதல் தடவை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். வேறு படத்திலிருந்து எடுத்தாண்ட கேமரா கோணமும் உடையும் தனியாகத் தெரியும். இரண்டாம் தடவை திரையை மூடிவிட்டு இசையை மட்டும் கேளுங்கள். மூன்றாம் தடவைதான் வசனத்தைத் தொட வேண்டும். அவசரத்தில் மூன்றாவதிலிருந்து தொடங்குகிறவர்களே அதிகம். அனுப்பி வைக்கும் கோப்பில் ஆங்கில வரிகள் மட்டுமே இருந்தால் அவர்களையும் முழுதாகக் குறைசொல்ல முடியாது.

‘த சிம்ப்சன்ஸ்’ என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரில் 1990இல் வந்த ஓர் அத்தியாயத்தில் குழந்தை மேகி அப்பா ஹோமரின் மண்டையில் சுத்தியலால் ஒரு போடு போடுவாள். ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ (1960) படத்துக் குளியலறைக் கொலையை வெட்டுக்கு வெட்டு அப்படியே எடுத்திருப்பார்கள். வயலின்கள் கிறீச்சிடும், ரத்தத்துக்குப் பதில் சிவப்புப் பெயின்ட் சாக்கடைத் துளைக்குள் வழிந்தோடும். பேச்சு என்று சொல்லும்படி எதுவுமில்லை. இந்த இடத்தில் ரஜினி வசனத்தை எங்கே ஒட்டுவது? திரையை வெறுமையாக விடுவதுதான் நல்ல சப்டைட்டில். காது கேளாதோருக்கான வரிகள் என்றால் மட்டும் விதிவிலக்கு. அங்கும் ‘பரபரப்பான இசை’ என்று போட்டுப் பயனில்லை, ‘சைக்கோ படத்து வயலின் இசை’ என்று பெயர் சொல்ல வேண்டும். பெயர் இல்லாவிட்டால் அவர்களுக்கு அது வெறும் இரைச்சல்.

வசனத்தில் இருக்கும் நையாண்டிதான் தலைவலி. அதே தொடரில் 1993இல் வந்த ‘கேப் ஃபியர்’ அத்தியாயம் 1991இல் ராபர்ட் டி நீரோ நடித்த அதே பெயர் கொண்ட படத்தின் நையாண்டி. அத்தியாயப் பெயரின் ஆங்கில எழுத்துக்கோவையில் மட்டும் வால்போல ஓர் எழுத்து கூடுதல். சிறையில் இருக்கும் வில்லன் சைட்ஷோ பாப், ஹோமரின் மகன் பார்ட்டைக் குறிவைத்து, நெஞ்சில் ‘டை, பார்ட், டை’ என்று பச்சை குத்தியிருக்கிறான். முன்கூட்டியே விடுதலை செய்யலாமா என்று முடிவெடுக்கும் குழு விசாரிக்கும்போது அது மிரட்டல் இல்லை, ஜெர்மன் மொழி என்கிறான். ஆங்கிலத்தில் சாவு என்று படிக்கப்படும் அதே மூன்றெழுத்து ஜெர்மனில் பெயருக்கு முன்னால் வரும், ஆங்கில ‘த’ (the) போன்ற சொல். ஜெர்மன் பேசுகிறவன் கெட்டவனாக இருக்க முடியாது என்று குழுவும் அசடு வழியும். பச்சை குத்தியது திரையில் தெரிந்தவுடனே சப்டைட்டிலில் ‘செத்துப்போ பார்ட்’ என்று எழுதிவிட்டால், அடுத்து வரும் ஜெர்மன் விளக்கம் அந்தரத்தில் தொங்கும். முதல் வரியில் ‘டை, பார்ட், டை’ என்று ஒலியை அப்படியே விட வேண்டும். ‘டை’ என்றால் சாவு என்று கோலாலம்பூரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும், அதை நாம் வேறு விளக்க வேண்டுமா?

1994இன் ஹாலோவீன் அத்தியாயத்தில் ‘த ஷைனிங்’ (1980) படத்தை ‘ஷின்னிங்’ ஆக்கி, சரியான பெயரைச் சொன்னால் வழக்கு போடுவார்கள் என்று கிண்டலடிப்பார்கள். தமிழில் ஐகாரத்தை இகரமாக்கி ஒரு ‘ன்’ சேர்த்தால் முடிந்தது வேலை. ‘ஒளிர்வு’ என்று மொழிபெயர்க்கப் போகிறவரைக் கையைப் பிடித்துத் தடுக்க வேண்டும்.

சரி, தமிழ்ப்பட வசனம் எங்கேதான் பொருந்தும்? படமும் இசையும் சம்பந்தப்படாத, நம்மூர்க்காரருக்குத் தெரிய வழியே இல்லாத பழைய அமெரிக்க விளம்பரம், பேஸ்பால் வர்ணனை போன்ற வாய்ப்பேச்சில் பொருந்தும். அங்கும் நீளம் பார்க்க வேண்டும். ‘நான் ஒரு தடவை சொன்னா நூறு தடவை சொன்ன மாதிரி’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு 21 எழுத்து, இடைவெளியோடு 28. மென்பொருள் புள்ளியையும் கொம்பையும் காலையும் தனித்தனியாக எண்ணி 43 என்று காட்டும். வரிக்கு 42 என்று வரம்பு வைத்த மென்பொருளில் ஒன்று அதிகமாகிச் சிவப்பு எரியும். உடனே சிலர் ‘மாதிரி’யை வெட்டுவார்கள், பாட்ஷாவைக் கொல்வதும் அதுவும் ஒன்றுதான். இரண்டு வரியாக மடித்தால் போதும். ஆனால் பாத்திரம் ஒரே விநாடியில் சொல்லி முடிக்கிற வசனமாக இருந்தால் மடித்தும் பயனில்லை, பாதி படிப்பதற்குள் காட்சி மாறிவிடும். ‘வட போச்சே’ அப்படியில்லை, ஐந்தே எழுத்து. ஒரு விநாடியில் கண் தாண்டிவிடும். எதையாவது பறிகொடுத்தவன் வாயில் வந்தால் மட்டும். வாழைப்பழ நகைச்சுவைக்கும் இதே நிபந்தனைதான்: இரண்டில் ஒன்று காணாமல் போயிருக்க வேண்டும்.

இன்னொன்று, அளவு. அத்தியாயத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. மூன்றாவது வந்தால் சிம்ப்சன்ஸ் குடும்பத்தின் ஊரான ஸ்பிரிங்ஃபீல்டு கோடம்பாக்கமாகிவிடும். ‘லொள்ளு சபா’வில் எத்தனை வேண்டுமானாலும் அடுக்கலாம், அது தமிழ்ப் படங்களைக் கிண்டலடிக்கவே பிறந்தது.

மலேசியாவின் உள்ளூர்த் தொடர்களுக்குக் கணக்கே வேறு. ‘உப்பின் இப்பின்’ தொடரில் (2007 முதல்) ஜர்ஜித் என்ற சிறுவன் ‘டுவா தீகா’ என்று தொடங்கிவிட்டால் அடுத்து ஏதோ கோணலாக வரப்போகிறது என்று இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு மலாய்ப் பிள்ளைகளைப் போலவே தெரியும். ‘டுவா தீகா கூச்சிங் பெர்லாரி’ என்ற பழைய பந்துன்தான் (நாலடி மலாய்ப் பாட்டு) அதன் தாய். இதை ‘இரண்டு மூன்று பூனை ஓடுது’ என்று எழுதிப் பாருங்கள், பொருள் இருக்கும், பந்துன் இருக்காது. பந்துனின் ஓசை அடிக்கடைசியில் வருகிற இயைபு. நம் கை பழக்கதோஷத்தில் இரண்டாம் எழுத்து எதுகைக்கு ஓடும். ‘டுவா தீகா’வை மலாயிலேயே விட்டுவிட்டு, மீதியைக் கடைசி எழுத்து ஒத்துவருமாறு தமிழில் கட்டுவதுதான் எங்கள் யோசனை. மலேசியத் தமிழருக்கு அது வேற்றுமொழி அல்ல. அடிக்குறிப்பு தேவைப்படுவது சென்னைக்காரருக்குத்தான்.

சப்டைட்டிலில் அடிக்குறிப்புப் போட இடமில்லை. திரையில் ஒரு வரி நிற்கக்கூடிய உச்ச நேரம் பொதுவாக 7 விநாடி. ஆனால் பத்திரிகையில் இடமுண்டு. தங்கள் ஞாயிறு பதிப்பின் தொலைக்காட்சிப் பக்கத்தில் இத்தகைய அத்தியாயம் வரும் நாளில் ‘இன்று நையாண்டிக்கு உள்ளாகும் படம்: கேப் ஃபியர், 1991’ என்று ஒரே ஒரு வரி சேர்க்க முடியுமா? வாரப் பட்டியலைப் பார்த்து அந்த வரியை எழுதித்தர நாங்கள் தயார்.

இப்படிக்கு,
சப்டைட்டில் எழுதும் நால்வர்,
பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்