தாய்ப்பால் கணக்கு பிரசவ வார்டிலிருந்தே தொடங்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆகஸ்ட் முதல் வாரம் வந்தால் வடசென்னை மருத்துவமனைகளில் தாய்ப்பால் வாரப் பதாகை கட்டி உறுதிமொழி எடுக்கிறார்கள். ஆனால் அங்கே போன மாதம் பிறந்த குழந்தைகளில் எத்தனை குழந்தைகள் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் குடிக்காமல் வீடு திரும்பின என்று கேட்டால், ஓய்வுபெற்ற செவிலியரான நான் அறிந்தவரை, எடுத்துக் காட்ட ஏடு இருக்காது.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் 55.1 சதவீதம் மட்டுமே தாய்ப்பாலை மட்டும் குடித்தன; நாட்டின் சராசரியோ 63.7. ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில் நடக்கும் மாநிலத்துக்கு இது பெருமையல்ல. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் அந்தப் புள்ளிவிவரத்தை வைத்து, எந்த வார்டில் பவுடர் பால் நுழைகிறது என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

நுழைவது பெரும்பாலும் சிசேரியன் முடிந்த முதல் இரவில்தான். முதுகில் ஊசி போட்டுச் செய்த அறுவை என்றால் தாய் விழித்தேதான் இருப்பாள்; பிடித்துக்கொள்ள ஆள் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுத்துவிடலாம். அண்மையில் என் உறவுப் பெண்ணுக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் பிரசவமானபோது, சீம்பால் சில சொட்டுதான் வரும், அன்றைக்கு அதுவே போதும் என்று சொல்ல ஆளில்லாமல், குழந்தை அழுததும் துண்டுச் சீட்டில் பவுடர் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்; மாமியார் கீழே மருந்துக் கடைக்கு ஓடி வாங்கி வந்து, எவர்சில்வர் டம்ளரில் கரைத்துப் பாலாடையில் புகட்டியிருக்கிறார். டிஸ்சார்ஜ் சீட்டில் எடை, பிசிஜி, போலியோ சொட்டு மருந்து எல்லாம் இருந்தன. பவுடர் மட்டும் இல்லை. பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுச் சேனை வைக்கும் பாட்டிகளைத் திட்டுகிற நாம் இந்தத் துண்டுச் சீட்டைக் கேட்பதே இல்லை. பால் பவுடர் விளம்பரத்தையும் இலவச மாதிரியையும் தடுக்கும் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும், கையால் எழுதிய சீட்டை யார் பிடிப்பது?

எனவே டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரியைக் கட்டாயமாக்க வேண்டும்: பிறந்தது முதல் இன்றுவரை தாய்ப்பால் தவிர வேறு ஏதும் கொடுக்கப்பட்டதா, கொடுத்திருந்தால் எப்போது, யார் சொல்லி, எதற்காக. பீய்ச்சியெடுத்த தாய்ப்பாலைப் பாலாடையில் புகட்டினாலும் அது தாய்ப்பால்தான். மருந்தையும் வைட்டமின் சொட்டையும் இதில் சேர்க்க வேண்டியதில்லை. எடை குறைந்தோ சர்க்கரை இறங்கியோ தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போன குழந்தைகளைத் தனியே எழுத வேண்டும். எண்ணிக்கைக்காக அந்தக் குழந்தைகளைப் பட்டினி போடும் நிலை வந்துவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குறைந்தது 80 சதவீதக் குழந்தைகள் மருத்துவமனையில் இருக்கும்வரை தாய்ப்பால் மட்டுமே குடித்திருக்க வேண்டும் என்கிறது. மாநகராட்சி தன் மகப்பேறு மருத்துவமனைகளில் இந்த வரியைச் சேர்த்து, மாதந்தோறும் கணக்கெடுக்கத் தொடங்கலாம். பிறப்புப் பதிவுக்காகத் தனியார் மருத்துவமனைகள் ஏற்கெனவே மாநகராட்சிக்கு விவரம் அனுப்புகின்றன. அதனுடன் இன்னொரு கட்டம் சேர்ப்பது பெரிய வேலையல்ல. எழுதியது உண்மையா என்பதை, வீட்டுக்கு வரும் நகர்ப்புறச் செவிலியர் தாயிடமே கேட்டு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

வார்டு முழுவதற்கும் இரவில் ஒரே செவிலியர் என்றிருந்தால், அறுவை முடிந்த தாயின் மார்பில் குழந்தையைப் பிடித்துக் கொடுக்க யாருக்கு நேரம் இருக்கும்? மாதாந்திரக் கணக்கு கையில் இருந்தால்தான், இரவுப் பணிக்கு இன்னொருவர் வேண்டும் என்று அரசிடம் வாதாட முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
தண்டையார்பேட்டை, சென்னை