மஹரை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்றாயே

காயல்பட்டினம்

அன்பு மகனுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் பாதி கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். அதனால் தாளில் எழுதுகிறேன். உன் அக்கா, ராத்தா இதைப் படம் பிடித்து அனுப்புவாள். எழுத்து தெரியாவிட்டால் பெரிதாக்கிப் படி. முழுசாகப் படி.

முந்தாநாள் போனில் மண்டபம், வலிமா விருந்து, டிக்கெட் எல்லாம் பேசினோம். கடைசியில், பெண்ணுக்கு நீ கொடுக்க வேண்டிய மஹர் என்ன என்று கேட்டேன். "அதை நீங்களே ஏதாவது போட்டுக்கங்க உம்மா" என்றாய். அடுத்த மூச்சில், கேமராக்காரருக்கு முன்பணம் கொடுத்தாச்சா என்று கேட்டாய். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உன்மேல் கோபம் என்று நினைக்காதே. இந்த வீட்டில் மஹருக்கு ஒரு கதை இருக்கிறது. உனக்கு அது தெரியாது. வாப்பாவிடம் கேட்டேன், எழுது என்றார்கள்.

எங்கள் நிகாஹ் 1989-இல். மஹர் 5,001 ரூபாய். அன்றைய விலைக்கு கிட்டத்தட்ட ரெண்டு பவுன். வாப்பா 'கபில்து', ஏற்றுக்கொண்டேன் என்று சொன்னதும், அதற்கு முன்னால் தொகையைச் சொன்னதும் ஒலிபெருக்கியில் எங்கள் அடுப்படி வரைக்கும் கேட்டது. என் உம்மம்மா விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார்கள். அன்றிரவு எல்லாரும் படுக்கப் போன பிறகு, வாப்பா என்னிடம் பேசிய மூன்றாவது பேச்சோ நான்காவது பேச்சோ இதுதான்: "மஹரை மன்னிச்சிடுறியா?" யாரோ பெரியவர்கள் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் பல பேர் இப்படித்தான் கேட்டார்கள், ஏதோ முதல் இரவுக்கு ஓத வேண்டிய துஆ மாதிரி. எனக்குப் பத்தொன்பது வயசு. புதுச் சேலையின் சரிகை கழுத்தைக் குத்திக்கொண்டிருந்தது. தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்திருப்பேன், நீயே சொல்.

வாப்பா ஜித்தாவுக்குப் போனார்கள். ஏழு வருஷம் அந்தப் பேச்சே இல்லை. 1996-இல் ஒரு கடிதம் வந்தது. கடைக்குப் பக்கத்துப் பள்ளியில் ஒரு பயான், மார்க்கப் பேச்சு கேட்டார்களாம். குர்ஆனில் சூரத்துந் நிஸாவின் நான்காவது ஆயத். பெண்களுக்கு அவர்களுடைய மஹரை மகிழ்வோடு கொடுத்துவிடுங்கள், அதில் எதையாவது அவர்களாகவே மனமுவந்து விட்டுத்தந்தால் தாராளமாக அனுபவியுங்கள் என்று வருமே, அதுதான். "நீ அன்றைக்கு மனமுவந்துதான் விட்டாயா?" என்று ஒரே ஒரு வரியில் கேட்டிருந்தார்கள். மற்றதெல்லாம் வழக்கம்போல உன் ராத்தாவின் பள்ளிக்கூடம், கரண்ட் பில்.

அந்தக் கடிதத்தைப் பதினோரு நாள் அலமாரியில் சேலைக்கு அடியில் வைத்திருந்தேன். 'ஆமாம்' என்று எழுதினால் சுலபம். அப்புறம் ஒரு நாள் லுஹர் தொழுதுவிட்டு உட்கார்ந்து, இல்லை என்று எழுதினேன். வெட்கத்தில் தலையாட்டினேன், அவ்வளவுதான் என்று எழுதினேன். தபாலில் போட்டுவிட்டு வந்து ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அடுத்த லீவில் வாப்பா ரெண்டு பவுனில் சங்கிலி கொண்டுவந்தார்கள். "5,001 கொடுத்தால் இப்போது ஒன்றேகால் பவுன்தான் வரும். அன்றைக்கு நான் வைத்துக்கொண்டது ரெண்டு பவுன்" என்றார்கள். நான் கழுத்தில் போட்டிருக்கிறேனே, குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை என்று நீங்கள் கேலி பண்ணுவீர்களே, அதுதான் என் மஹர்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், மஹரை நான் போட முடியாது. அது என் கடன் இல்லை, உன் கடன். கொடுக்காமல் விட்டால் நீ மவுத்தான பிறகும் உன் சொத்திலிருந்து அதை எடுத்து வைத்த பிறகுதான் வாரிசுகள் பங்கு பிரிக்க முடியும். எனவே நீயே யோசி, பெண்ணிடமும் கேள், நீயே சொல். ரூபாயாகச் சொல்லாதே, தங்கமாகச் சொல். நான் சொல்லும் 5,001 ரூபாய்க்கு இன்றைக்கு ஒரு கிராம்கூட வராது.

அதற்காக ஊர் மெச்ச ஐம்பது பவுன் என்று சொல்லிவிட்டு, கொடுக்காமல் கல்யாணப் பதிவு தப்தரில் மட்டும் எழுதி வைக்கவும் வேண்டாம். கையில் ஒன்றும் இல்லாத ஒரு ஸஹாபிக்கு, தம் தோழருக்கு, இரும்பு மோதிரமாவது தேடிப் பார் என்று நபிகள் நாயகம் ரசூலுல்லாஹ் சொன்னார்கள். அதுவும் கிடைக்காதபோது, அவருக்குத் தெரிந்த குர்ஆன் சூராக்களையே மஹராக்கி முடித்துவைத்தார்கள். அலீ ரலியல்லாஹு அன்ஹு, நாயகத்தின் மகள் ஃபாத்திமா நாயகிக்குத் தம் போர்க்கவசத்தைக் கொடுத்தார்கள். நாயகத்தின் மனைவியருக்கு மஹர் 500 திர்ஹம் என்று அவர்களில் ஒருவரான ஆயிஷா நாயகி அறிவிக்கிறார்கள். உடனே சந்தோஷப்படாதே, அது நீ ஷார்ஜாவில் சம்பளம் வாங்கும் திர்ஹம் இல்லை. வெள்ளி திர்ஹம். மொத்தம் ஒன்றரைக் கிலோ வெள்ளி கிட்ட வரும்.

சரி, அடுத்தது வீடு. நம் ஊரில் பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் அவள் வீட்டை விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெட்டியோடு அங்கே போகிறான். இதில் எனக்குப் பெருமை உண்டு. பெற்ற தாய் பக்கத்தில் இருக்க, தன் பேரில் வீடு இருக்க, ஒரு பெண் தைரியமாக வாழலாம். ஆனால் அந்த வீட்டைக் கட்டுவது யார்? உன் ராத்தாவுக்கு மாடி எடுக்கத்தான் வாப்பா ஜித்தாவில் கூடுதலாக ஆறு வருஷம் கிடந்தார்கள். உனக்கு அப்போது நாலு வயசு. ஏர்போர்ட்டில் வாப்பாவைப் பார்த்து என் பின்னால் ஒளிந்துகொண்டாய்.

பெண் வீட்டில் தனி வீடு கட்டித் தருவதாகப் பேச்சு வந்தபோது, "நாம கேட்கலையே, அவங்களாத்தானே தர்றாங்க" என்றாய். நானும் அந்த முதல் இரவில் தலையைத்தான் ஆட்டினேன், அதனால் எனக்குத் தெரியும், அவங்களாத் தர்றாங்க என்றால் என்ன அர்த்தம் என்று. அவளுக்குக் கீழே இன்னும் ரெண்டு தங்கச்சிகள் இருக்கிறார்கள். இருக்கிற வீட்டில் ஒரு அறை போதும் என்று உன் வாயால் பெண்ணின் வாப்பாவிடம் சொல்லு. நானும் வாப்பாவும் சொன்னால் அது சம்பிரதாயப் பேச்சாகிவிடும். வரதட்சணைக் கைக்கூலி, சீர், மோட்டார் சைக்கிள் எதுவும் வேண்டாம் என்று நாங்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டோம். அதில் பேச ஒன்றுமில்லை.

அங்கே போனதும் உன்னைக் கெடுக்கப் பார்ப்பார்கள். காலைப் பசியாற இடியாப்பம், கறி, வட்டலப்பம் என்று அடுக்குவார்கள். புது மாப்பிள்ளை தண்ணீர் எடுக்கக் கையை நீட்டினாலே நாலு பேர் ஓடி வருவார்கள். நாற்பது நாள் அனுபவித்துக்கொள், தப்பில்லை. அப்புறம் நீ சாப்பிட்ட தட்டை நீயே எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போ. உன் மாமி பதறுவார்கள். பதறட்டும். வீட்டில் ரசூலுல்லாஹ் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று ஆயிஷா நாயகியிடம் கேட்டதற்கு, வீட்டாருக்கு ஒத்தாசையாக வேலை செய்துகொண்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் கிளம்பிப் போவார்கள் என்றுதானே பதில் சொன்னார்கள். ஹதீஸைச் சொல்லி மாமியை அடக்கு.

கோபம் வரும். உனக்கு என் கோபம், எனக்குத் தெரியும். கோபத்தைப் பற்றி நான் பயான் பண்ணப் போவதில்லை, ஒன்றை மட்டும் நினைவில் வை. நாயகம் ஆயிஷா நாயகியிடம் சொன்னார்கள்: "நீ என்மேல் எப்போது மகிழ்ச்சியாக இருக்கிறாய், எப்போது கோபமாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும்." எப்படி என்றதற்கு, மகிழ்ச்சியாக இருந்தால் 'முஹம்மதின் இறைவன்மீது சத்தியமாக' என்பாய், கோபம் என்றால் 'இப்ராஹீமின் இறைவன்மீது சத்தியமாக' என்பாய் என்றார்கள். புஹாரி ஹதீஸ் நூலில் இருக்கிறது. எத்தனை கவனமாகக் காது கொடுத்திருந்தால் இது தெரியும்! நான் கோபமாக இருந்தால் 'ஏங்க' என்று கூப்பிட மாட்டேன், பாத்திரத்தை மட்டும் சத்தமாக வைப்பேன். வாப்பா அதைக் கண்டுபிடிக்கவே பன்னிரண்டு வருஷம் ஆனது, பாதி நாள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்ததால்.

தலாக் என்ற சொல்லை விளையாட்டுக்குக்கூட வாயில் எடுக்காதே. மார்க்கத்தில் அந்தச் சொல்லுக்கு விளையாட்டு கிடையாது, விளையாட்டாகச் சொன்னாலும் வினைதான். ஒரே மூச்சில் முத்தலாக் சொன்னால் 2019 சட்டப்படி மூன்று வருஷம் வரை ஜெயில் என்பது உனக்கே தெரியும், ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் நீ வாயை மூட வேண்டாம், அது வினை என்பதற்காக மூடு. ஏதாவது முற்றிப்போனால் உன் பக்கம் ஒருவர், அவள் பக்கம் ஒருவர் உட்கார்ந்து பேசட்டும், குர்ஆனே அந்த வழியைச் சொல்கிறது. உன் பக்கத்து ஆளாக என்னை வைக்காதே. நான் உன் கட்சிதான் பேசுவேன், அது உனக்கு நல்லதில்லை. பெரிய மாமாவைக் கூப்பிடு. அவருக்கு உன்னைக் கண்டாலே ஆகாது.

கடைசியாக, எழுதவே கூசுகிற ஒன்று. கல்யாணமாகி நாற்பது நாளில் நீ திரும்பிப் போக வேண்டும் என்கிறாய். அவளை எப்போது கூட்டிப்போவாய் என்று கேட்டால், "பார்க்கலாம்" என்கிறாய். ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். முதல் பத்து வருஷத்தில் நானும் வாப்பாவும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தது பதினாலு மாதம். கலீஃபா உமர் ரலியல்லாஹு அன்ஹு ஓர் இரவு மதீனாத் தெருவில் நடந்தபோது, படைக்குப் போன கணவனை நினைத்து ஒருத்தி பாடியது காதில் விழுந்ததாம். புருஷனைப் பிரிந்து ஒரு பெண் எத்தனை நாள் தாங்குவாள் என்று மகள் ஹஃப்ஸா நாயகியிடம் கேட்டார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்பு உண்டு. அதையே படைவீரர்களுக்குக் கெடுவாக வைத்தார்கள். நான் பாடவில்லை, எனக்குப் பாட வராது. சின்ன அறையாக இருந்தாலும் பரவாயில்லை, ஆறு மாதத்துக்குள் அவளைக் கூப்பிட்டுக்கொள். விசாவுக்குச் சம்பளம் போதாது என்றால் கேமராக்காரரை நிறுத்திவிடு, வலிமாவில் ஆளைக் குறை. ஓர் ஆட்டை அறுத்தாவது வலிமா கொடு என்றுதான் ஹதீஸில் இருக்கிறது, ஊரையே கூப்பிட்டுக் களரி விருந்து வைக்கச் சொல்லவில்லை.

மஹருக்கு வளையலா சங்கிலியா என்று ராத்தாவை விட்டுக் கேட்காதே. பெண்ணின் அண்ணனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீடியோவில் பேசுகிறீர்களே, அப்போது நீயே கேள். முதல் தடவை "உங்க இஷ்டம்" என்பாள். ரெண்டாவது தடவையும் கேள்.

இந்தக் கடிதத்தை வாப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார்கள். எல்லாம் சரி, பதினோரு நாள் இல்லை, ஒன்பது நாள் என்கிறார்கள். அவர்களுக்கு எப்படித் தெரியும், அலமாரி என்னுடையது. பதினோரு நாள்தான்.

உம்மா