நிக்கல் பூச்சு உரிந்த அலுமினியப் பெட்டிகள் குறித்த புகார்

அனுப்புநர்: உற்பத்திப் பிரிவுப் பொறுப்பாளர், பீன்யா தொழிற்பேட்டை, பெங்களூரு
பெறுநர்: உரிமையாளர், முலாம் பூச்சு நிறுவனம், பெங்களூரு

ஐயா,

எலக்ட்ரோலெஸ் நிக்கல் பூச்சுக்காக (மின்சாரமின்றி வேதிக் கரைசலில் முக்கிப் பூசும் முறை) சென்ற மாதம் தங்களிடம் ஒப்படைத்த 400 பெட்டிகளில் முதல் 60ஐ எடுத்து, இணைப்பான்களைப் பற்றவைப்பதற்காக ஹாட் பிளேட்டில் 200 டிகிரி செல்சியசுக்குச் சற்று மேல் சூடாக்கியபோது, 47 பெட்டிகளில் பூச்சு கொப்பளித்து எழும்பி, நகம் பட்டாலே தகடாக உரிந்துவிட்டது.

வார்ப்பில் நுண்துளைகள் இருந்தால் அப்படித்தான் ஆகும் என்று தொலைபேசியில் கூறினீர்கள். அதை என்னால் ஏற்க இயலவில்லை. நுண்துளையால் வரும் கொப்புளம் ஆங்காங்கே புள்ளிகளாக எழும். இங்கோ தட்டையான பக்கங்கள் முழுவதும் பிடிப்பே இல்லை. உரிந்த நிக்கலின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்தால் கரி போன்ற தூள் ஒட்டுகிறது. அதே ரேக்கில் தொங்கிய, 6061 எனும் அலுமினியக் கலவையால் ஆன மூடிகளில் ஒன்றுகூட உரியவில்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

பெட்டிகள் ஏடிசி12 எனும் அலுமினியக் கலவையின் வார்ப்பு என்பதை டெலிவரி சலானிலேயே குறிப்பிட்டிருந்தோம். ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சிலிக்கான் கொண்ட அந்த உலோகத்தைக் காரக் கரைசலில் அரிக்கும்போது, அலுமினியம் கரைந்துபோக, சிலிக்கான் மட்டும் கறுப்பு மசியாக மேலே தங்கிவிடுகிறது. நைட்ரிக் அமிலம் தனியாக அதைக் கரைக்காது. ஃபுளோரைடு சேர்ந்திருக்க வேண்டும். சிலிக்கான் 1 விழுக்காட்டுக்கும் குறைவாக உள்ள 6061க்கு வெறும் நைட்ரிக் போதுமானதால்தான் மூடிகள் தப்பின என்று கருதுகிறேன்.

இரட்டை ஜிங்கேட் (நிக்கலுக்கு முன் துத்தநாகக் கரைசலில் இருமுறை முக்குதல்) செய்ய வேண்டும் என்று கொள்முதல் ஆணையில் எழுதியிருந்தும், நான் நேரில் வந்தபோது ஒரே ஒரு முக்குதான் நடந்தது. முதல் துத்தநாகப் படிவை நைட்ரிக்கில் நீக்கிவிட்டு மறுபடி முக்கினால்தான் மெல்லிய, சீரான அடித்தளம் கிடைக்கும். அமிலத்திலிருந்து எடுத்த ரேக்கை, அடுத்த தொட்டியில் இடம் கிடைக்கும்வரை சில நிமிடங்கள் காற்றில் தொங்கவிட்டதையும் பார்த்தேன். காற்றுப் பட்ட உடனேயே அலுமினியம் ஆக்சைடு போர்த்திக்கொள்ளும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. தங்கள் தளத்தில் வேலை பார்க்கும் தருமபுரித் தம்பிகளுக்கும் படித்துக் காட்ட வசதியாகவே இதைத் தமிழில் எழுதுகிறேன். பிழை அவர்களுடையதன்று, அவர்கள் கையில் எழுதப்பட்ட செய்முறைத் தாள் எதுவும் இல்லை.

ஆகவே, கெட்டுப்போன 47 பெட்டிகளின் வார்ப்புச் செலவையும் இயந்திர வேலைச் செலவையும் தாங்கள் ஏற்க வேண்டும். மீதமுள்ளவற்றின் பூச்சை நீக்கி மறுபடி பூசுவதானால், அரிப்பில் திருகு மரைகள் தளர்ந்துவிடும் என்பதால், முதலில் 5 பெட்டிகளை மட்டும் செய்து, மரை அளவையும் சூடேற்றிக் குளிர்நீரில் அமிழ்த்தும் சோதனையின் முடிவையும் எங்களிடம் காட்டிய பிறகே மற்றவற்றைத் தொடுங்கள். உரிந்த துண்டுகளை இத்துடன் உறையில் இணைத்துள்ளேன். பத்து நாட்களுக்குள் எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறேன். அதுவரை தங்கள் பில்லுக்கான தொகையை நிறுத்தி வைத்துள்ளோம்.

இப்படிக்கு,
உற்பத்திப் பிரிவுப் பொறுப்பாளர்