மாற்று ஆள் கூலிக்கும் டயப்பருக்கும் 1,77,680 ரூபாய் குறைகிறது: செங்கோட்டை வட்டார மக்களுக்கு ஒரு வேண்டுகோள்

பெரியோர்களே, தாய்மார்களே, வெளியூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் நம் பிள்ளைகளே,

ஆரியங்காவு ஐயனை வேண்டிக்கொண்டு எழுதுகிறோம். பள்ளிவாசலிலும் சர்ச்சிலும் இதே கடிதத்தைத்தான் கொடுக்கிறோம். தலையில் அடிபட்டுப் பிழைத்து, வீட்டில் படுக்கையாகவோ நினைவு தடுமாறியோ இருப்பவர்களின் 11 குடும்பங்களுக்கு நாம் செய்துவரும் உதவி, ஐப்பசி முடிவதற்குள் பணம் சேராவிட்டால் நின்றுபோகும். கார்த்திகை பிறந்தால் சபரிமலை சீசன். சாப்பாட்டுக் கடைகளில் கூலி கூடிவிடும். வீட்டுக்காரிக்குப் பதிலாக வாரம் ஒரு நாள் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் மாற்று ஆட்களை இப்போதே முன்பணம் கொடுத்து நிறுத்தாவிட்டால் அங்கே போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை நம் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சிச் சீமை. 1904-லேயே மலையைக் குடைந்து கொல்லத்துக்கு ரயில் விட்ட பாதையில் இருக்கிற ஊர். பதின்மூன்று கண் பாலத்தைக் காட்டி நம் தாத்தாமார் பெருமை பேசாத நாள் உண்டா? பெருமை இருக்கட்டும். கேரள அரசு 2008-லேயே வலி நிவாரணப் பராமரிப்புக்கென்று கொள்கை வகுத்தது. மலைக்கு அந்தப் பக்கம் பஞ்சாயத்தே வீடு தேடி நர்ஸ் அனுப்புகிறது. இங்கும் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் வருகிறது, நன்றி. ஆனால் ராத்திரி 2 மணிக்கு நோயாளியைப் புரட்டிவிட வீட்டுக்காரி மட்டும்தான் இருக்கிறாள்.

"படுத்துக் கிடப்பவருக்கு என்ன பெரிய செலவு?" என்று சிலர் கேட்டார்கள். செலவை விடுங்கள், வேலையைக் கேளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளைப் புரட்ட வேண்டும். ஆபரேஷனில் மண்டை எலும்பை எடுத்திருந்தால் அந்தப் பக்கமாகச் சாய்க்கவே கூடாது. இடுப்பிலோ குதிகாலிலோ சிவப்பு தெரிந்து, விரலால் அழுத்தியும் வெளுக்கவில்லை என்றால் படுக்கைப் புண் ஆரம்பித்துவிட்டது. ஆல்ஃபா பெட் (மோட்டாரால் காற்று நிரம்பும் மெத்தை) இருக்கிறதே என்று புரட்டாமல் விட்டாலும் புண் வரும். மெத்தைக்கு அடியில் உள்ளங்கையை விட்டுப் பார்த்தால் உடம்பின் எலும்பு கையில் தட்டக்கூடாது. தட்டினால் காற்றுப் போதவில்லை என்று அர்த்தம்.

மூக்குக் குழாய் வழியாகச் சாப்பாடு கொடுப்பது அதைவிடக் கவனமான வேலை. குழாயில் போட்ட அடையாளம் மூக்கருகே நகர்ந்திருந்தால் ஒரு சொட்டும் விடக்கூடாது, நர்ஸைக் கூப்பிட வேண்டும். தலைமாட்டை உயர்த்தி, ராகிக் கஞ்சியைத் துணியில் வடிகட்டி மெதுவாக விட்டு, பிறகு தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். முடிந்ததும் குறைந்தது அரை மணி நேரத்துக்குப் படுக்க வைக்கக்கூடாது. அவசரப்பட்டுச் சாய்த்தால் கஞ்சி மேலேறி நுரையீரலுக்குள் போகும். நிமோனியா அப்படித்தான் வருகிறது.

நடமாடுகிறவர்கள் வீட்டில் கஷ்டம் வேறு மாதிரி. அடுப்பைத் திறந்துவிட்டு மறப்பார்கள், காரணமில்லாமல் கை ஓங்குவார்கள். முன்மூளையில் பட்ட அடி அது. பைத்தியம் என்று சொல்லி மந்திரிக்கக் கூட்டிப்போவதை இனியாவது விடுங்கள். நாலு பேர் சுற்றி நின்று ஒரே நேரத்தில் பேசினால் கோபம் கூடும். ஒருவர் மட்டும், சின்னச் சின்ன வாக்கியமாகப் பேச வேண்டும். "இப்போ வலிப்பு வரலையே" என்று மாத்திரையைத் தாமாக நிறுத்தினால் வலிப்பு திரும்பி வரலாம்.

இதையெல்லாம் செய்கிறவளுக்கு வாரத்தில் ஒரு நாள் தூக்கம் கொடுக்கத்தான் மாற்று ஆள்.

கணக்கு இது. மாற்று ஆளுக்கு ஒரு நாள் கூலி 600 ரூபாய். மாதம் 4 நாள், 11 குடும்பம்: 26,400. டயப்பர் ஒன்று 32 ரூபாய், நாளைக்கு 4 என்றால் ஒரு வீட்டுக்கு மாதம் 3,840. அரசு தரும் பராமரிப்புத் தொகை 2,000 இதற்கே காணாது. டயப்பர் தேவைப்படும் வீடு 7: 26,880. ஆக மாதம் 53,280, ஆறு மாதத்துக்கு 3,19,680. கையிருப்பு 1,42,000.

இதுவரை தந்தவர்களை மறக்க மாட்டோம். அப்பா இறந்த பதினாறாம் நாளே அவர் படுத்த கட்டிலைக் கழுவித் தந்த குடும்பத்துக்கும், சளி உறிஞ்சும் சக்ஷன் மெஷினுக்குப் பாதி விலை போட்ட லாரி டிரைவர்களுக்கும், பீடி சுற்றிய கூலியில் வாரம் பத்து ரூபாய் ஒதுக்கும் சுய உதவிக்குழுப் பெண்களுக்கும், வாடகை வாங்காமல் வீல்சேர் ஏற்றி இறக்கும் ஆட்டோத் தம்பிகளுக்கும், நோன்புக் காலத்தில் மூன்று மாத டயப்பர் தந்த ஜமாத்தாருக்கும் கைகூப்பி நன்றி.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கட்டிலுக்கு உபயதாரர் உடனே கிடைக்கிறார். டயப்பருக்குக் கிடைப்பதில்லை, அதில் பேர் எழுத முடியாது. கோயில் கொடைக்கு வாணவேடிக்கை விட வரி கொடுக்கிறோம். அதே தெருவில் தூங்காமல் கிடக்கும் வீட்டுக்கு 600 ரூபாய் பெரிதா?

ரசீது வாங்காமல் யாரிடமும் பணம் தர வேண்டாம்.

இப்படிக்கு,
கமிட்டியார், செங்கோட்டை

பி.கு.: பழைய ஆல்ஃபா பெட் தருகிறவர்கள் மோட்டாரையும் சேர்த்துத் தாருங்கள். மோட்டார் இல்லாத மெத்தை ஏற்கெனவே நான்கு கிடக்கிறது.