கிருமி மட்டுமா குற்றவாளி?

ஆசிரியருக்கு,

மூளைக்காய்ச்சல் பற்றிய கட்டுரை நன்று. ஆனால் பாக்டீரியா தாக்குகிறது, மூளை பாதிக்கப்படுகிறது என்று முடித்துக்கொண்டது பாதிக் கதைதான். மீதிப் பாதி மைக்ரோகிளியா. 1919-இல் ஸ்பெயின் அறிஞர் பியோ டெல் ரியோ ஒர்த்தேகா அடையாளம் காட்டிய இந்த எதிர்ப்புச் செல்கள், கரு வளரும்போதே மூளையில் குடியேறிவிடுபவை. சாதாரண நாளில் மெல்லிய கிளைகளை நீட்டி மடக்கி அக்கம்பக்கத்தைத் துழாவிக்கொண்டே இருக்கும். பாக்டீரியாவின் சுவர்த் துணுக்கு தட்டுப்பட்டால் போதும். கிளைகளைச் சுருக்கி, உடல் பருத்து, கிருமியை விழுங்கத் தொடங்கும். கூடவே டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-1 போன்ற, அழற்சியைத் தூண்டும் புரதங்களைச் சுரந்து ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களையும் வரவழைக்கும். சிக்கலே இங்கேதான். இந்த அழற்சி அளவுமீறினால் மூளை வீங்கும், நரம்புச் செல்களும் மடியும்.

அப்புறம் இன்னொன்று. ஆன்டிபயாடிக் மருந்து பாக்டீரியாவை உடைக்கும்போது சிதறும் துணுக்குகள் அழற்சியை மேலும் தூண்டும். (அதற்காக மருந்தே வேண்டாம் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது, தாமதம் உயிரையே பறிக்கும்.) அதனால்தான் நிமோகாக்கஸ் கிருமியாக இருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால், முதல் ஆன்டிபயாடிக் ஊசிக்குச் சற்று முன்போ அதோடு சேர்த்தோ அழற்சியைத் தணிக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள். 2002-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், இப்படிக் கொடுத்தபோது பெரியவர்களிடையே இறப்பு குறைந்தது.

“தொற்றுக்கு எதற்கு ஸ்டீராய்டு?” என்று நோயாளியின் வீட்டார் பதறுவது இயல்பு. அடுத்த முறை அதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.