பரிவும் செய்முறைப் பாடம்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

செவிலியர் பணியைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் 'நோயாளியிடம் கனிவாக நடந்துகொள்ளுங்கள்' என்ற அறிவுரையோடு அது முடிந்துவிடுகிறது. கனிவைப் பிறவிக் குணமாகவே பலரும் நினைக்கிறார்கள். அமெரிக்கச் செவிலியர் பேராசிரியர் ஜீன் வாட்சன் 1979-இல் தம் மனிதப் பரிவுக் கோட்பாட்டை முன்வைத்தபோது, பரிவைப் பத்துக் கூறுகளாகப் பிரித்து, கற்றுப் பழகக்கூடிய தொழிலறிவாக ஆக்கினார். அந்தப் பத்தும் செவிலியர் மாணவர்களிடம் மனப்பாடமாகி விடைத்தாளோடு நின்றுவிடுவது வேதனை தருகிறது.

நம்பிக்கையூட்டுவது, கோபத்தையும் அழுகையையும் தடுக்காமல் கேட்பது, நோயைப் பற்றிக் கற்றுக்கொடுப்பது எல்லாம் அதில் உண்டு. நோயாளியின் அடிப்படைத் தேவைகளுக்கு உதவுவதும் அந்தப் பத்தில் ஒன்று என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். படுக்கையிலேயே மலம், சிறுநீர் கழிக்கப் பெட்பேன் வைப்பதும் பரிவுதான்.

எழ முடியாத நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கும் வேலையையே எடுத்துக்கொள்வோம். ஆல்கஹால் கரைசலால் கை தேய்க்க 20 முதல் 30 வினாடி ஆகும். முந்தைய படுக்கையின் பரபரப்பை இறக்கிவைக்க அந்த நேரம் போதும். திரையை இழுத்துவிட்டு, பெயர் சொல்லி அழைத்து, செய்யப்போவதைச் சொல்லி, எங்கே வலிக்கிறது என்று கேட்க வேண்டும். வலி மாத்திரை கொடுத்த கையோடு திருப்பக் கூடாது. அது வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். இழுத்தால் தோலுக்கு அடியில் உள்ள திசு கிழிபடும். அதனால் இருவர் சேர்ந்து விரிப்போடு தூக்கி நகர்த்த வேண்டும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வு, முழங்கால்களுக்கு நடுவே இன்னொன்று, குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று. வால் எலும்புப் பகுதி சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். வெளுக்காவிட்டால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. கருத்த தோலில் சிவப்பு தெரியாது. சூடும் கெட்டித்தன்மையும்தான் காட்டிக்கொடுக்கும். பக்கவாத நோயாளி என்றால் அழைப்பு மணியை நல்ல கை இருக்கும் பக்கம் வைக்க வேண்டும். மறுபடி எப்போது வருவோம் என்று சொல்லிவிட்டு, அதே நேரத்தில் வரவும் வேண்டும். இதில் எது மருத்துவ நுட்பம், எது பரிவு என்று பிரிக்க முடியுமா?

இதே வேலையை இருவரும் நோயாளியின் தலைக்கு மேலே சொந்தக் கதை பேசிக்கொண்டே செய்தால், அவர் அங்கே வெறும் உடம்பு. 'ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க' என்பதும் அப்படித்தான். ஆறுதல் போல இருந்தாலும் அது அவர் வாயை அடைத்துவிடும். 'எதை நினைச்சா பயமா இருக்கு?' என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருப்பதே கடினமான திறமை.

பகலில் மணிக்கொரு முறையும் இரவில் இரண்டு மணிக்கொரு முறையும் வலி, படுத்திருக்கும் நிலை, கழிப்பறைத் தேவை, கைக்கெட்டும் பொருட்கள் ஆகியவற்றை விசாரிக்கும் சுற்று பல மருத்துவமனைகளில் உண்டு. நல்ல ஏற்பாடு. ஆனால் ஆள் பற்றாத வார்டில் ஷிப்ட் முடியும்போது அந்தச் சுற்றுக்கான படிவத்தில் எல்லாக் கட்டத்திலும் மொத்தமாக டிக் விழுகிறது. இதைச் செவிலியரின் மனக்குறையாகப் பார்ப்பது அநியாயம். பரிவுக்கு நேரம் வேண்டும், நேரத்துக்கு ஆள் வேண்டும். கோட்பாட்டைச் சுவரில் எழுதி மாட்டிவிட்டுப் பணியிடங்களைக் காலியாக வைத்திருக்கும் நிர்வாகம் வாட்சனைப் படிக்கவே இல்லை.

செலவில்லாமல் உடனே செய்யக்கூடியவை இரண்டு உண்டு. ஷிப்ட் மாறும்போது ரத்த அழுத்தம், சலைன் அளவோடு 'நாளைய அறுவை சிகிச்சையை நினைத்துத் தூங்காமல் இருக்கிறார்' என்பது போல நோயாளியின் கவலையையும் ஒரு வரி ஒப்படைக்கலாம். செய்முறைத் தேர்வில் ஊசி போடும் கைக்குத் தரும் மதிப்பெண்ணைப் போலவே, ஊசிக்கு முன்பு நோயாளியிடம் என்ன சொன்னார், பிறகு வலி குறைந்ததா என்று திரும்பி வந்து கேட்டாரா என்பதற்கும் மதிப்பெண் வைக்கலாம்.

இப்படிக்கு,
செவிலியர் கல்வி ஆசிரியர்கள் சிலர்