ஆனைமலைக்கு ரெண்டாவது தடவை

அன்புள்ள விஜயா,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்குப் பதில் வரலைன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சிருப்பே. வச்சுக்கோ. இங்க எல்லாரும் சௌக்கியம். சின்னவளுக்கு ஈரோட்டுல வேலை கெடச்சிருச்சு. என் முழங்கால் அப்படியேதான் இருக்கு. சேதி அதில்லை.

போன மாசம் ஒரு ராத்திரி நம்ம கெணத்து மோட்டார் ஒயரை அறுத்துட்டுப் போயிட்டாங்க. 80 மீட்டர். மேல இருக்கறதை எரிச்சுட்டு உள்ள இருக்கற செம்பை எடைக்குப் போடறதுக்காம். ஒயர்தானேம்பே. தோட்டத்துச் சாளையில தனியா இருந்து பாரு, தெரியும். 2024 நவம்பர்ல பல்லடத்துப் பக்கம் தோட்டத்து வீட்ல மூணு பேரை வெட்டிக் கொன்னுட்டாங்க. அடுத்த வருசமே சிவகிரிப் பக்கம் வயசான தம்பதியை. அதுலேர்ந்து ராத்திரி நாய் கொலைச்சா எந்திரிச்சு உக்காந்துக்குவேன். கொலைக்காட்டி இன்னும் பயம். உங்கண்ணன் காங்கயத்துக்கே குடி போயிரலாம்னு பிடிவாதம் பிடிச்சு, கடைசியில நாலு பக்கமும் கேமரா மாட்டினாரு.

அத்தை அசையலை. 78 வயசு, வாசக்கதவுக்கு இன்னும் கொண்டி மட்டுந்தான். "கருப்பராயன் எல்லையில நிக்கறான், டப்பா எதுக்குடா?"ங்கறாங்க. பக்தர் கனவுல ஆண்டவர் கேக்கற பொருளை வைப்பாங்களே, அந்தச் சிவன்மலை உத்தரவுப் பெட்டியில ஆண்டவரே ஒரு கேமராவை வச்சாத்தான் அம்மா நம்பும்னு உங்கண்ணன் கேலி பண்ணுவாரு. ஆனா ஒயர் போன அன்னைக்கு விடியக்காலம் அத்தை நேரா கருப்பராயன் முன்னால போய் நின்னு, "வருசா வருசம் கெடா வாங்கறியே, ராத்திரி எங்கடா போனே?"ன்னு கேட்டாங்க பாரு, நானே நாலடி தள்ளி நின்னுக்கிட்டேன்.

அப்புறம் என்னைய இழுத்துக்கிட்டு ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்கு. தாராபுரம், உடுமலை, பொள்ளாச்சின்னு பஸ் மாறி மாறி இடுப்பு ஒடிஞ்சுது. நீ போனதில்லையே? அம்மன் படுத்த கோலம். திருட்டுக் கொடுத்தவங்க, ஏமாந்தவங்கல்லாம் மிளகாய் அரைச்சு அங்க நீதிக்கல்லுல பூசுவாங்க. நியாயம் கெடச்சதும் மறுபடி வந்து எண்ணெய் காப்பு பண்ணிக் குளிர வைக்கணும். நான் கெமிஸ்ட்ரி படிச்சவ, சும்மா தொணைக்குத்தான் போனேன். ஆனா கொழவியைப் பிடிச்சதும் கை என் பேச்சைக் கேக்கலை. ஒயர்க்காரனை மட்டுமா நெனச்சேன்? 2012ல ஈமுக் கோழியில எங்கப்பா போட்டு ஏமாந்த பணம், இந்த நாய்க் கொலைப்பு, தூக்கமில்லாத ராத்திரி எல்லாத்தையும் சேத்து அரைச்சேன்.

எட்டாம் நாள் ஒரு பொம்பளை வாசல்ல வந்து உக்காந்து அழுகறா. நம்ம தோட்டத்துல குடியிருந்து நாலு வருசம் பள்ளிக்கூடம் போனானே ஒரு பையன், அவன் அம்மா. போன்ல ரம்மி ஆடிக் கடனாகி, அவன்தான் ஒயரை அறுத்தானாம். 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசு காசு வச்சு ஆடற ஆட்டத்துக்கெல்லாம் சட்டம் போட்டுத் தடை பண்ணுச்சில்ல, இது அதுக்கும் முந்தின கடன். "பெரியம்மா மொளகா அரைச்சாங்கன்னு காதுல விழுந்ததுலேர்ந்து ஒடம்பெல்லாம் எரியுதுன்னு பொரள்றான்ங்க"ன்னா. எரியறது ஒடம்போ மனசோ, நீயே சொல்லு.

அத்தை அன்னைக்குச் சோறு திங்கலை. ராத்திரி இருட்டுல குரல் மட்டும் வருது: "என்ற கையில சோறு வாங்கித் தின்ன புள்ளைக்கு, என்ற கையாலயே அரைச்சுப் போட்டனே அம்மிணி."

விஜி, எனக்கு அன்னைக்கும் தூக்கமில்லை, ஆனா நாய்க்காக இல்லை. சாமி காவல்னா வேலி மாதிரின்னுதான் இத்தனை நாள் நெனச்சிருந்தேன். வேலிக்கு அக்கட்டால நிக்கறவன் திருடன். இந்தப் பையன் அக்கட்டாலயா இக்கட்டாலயா? காலேஜ்ல திருமுருகன்பூண்டிக்குப் போனப்ப நீ கதை சொன்னியே, சேரமான் குடுத்த பொன்னோட வந்த சுந்தரரை வேடருங்க மறிச்சுப் புடுங்கிட்டாங்க, அவர் கோயிலுக்குள்ள போய் 'எத்துக்கு இங்கிருந்தீர்'னு சிவனையே கேட்டாருன்னு. அந்த வேடருங்களே சிவனோட பூதகணங்கதான்னு நீ முடிச்சதும், ஆளு விட்டு அடிச்சுப் புடுங்கற சாமியான்னு நான் சிரிச்சேன். இப்ப சிரிக்க முடியலை.

உங்கண்ணன் போலீஸ்ல எழுதிக் குடுக்கணும்ங்கறாரு. எனக்கும் அது தப்பாப் படலை. இன்னைக்கு ஒயரு, நாளைக்கு? ஆனா ரெண்டு பேரும் இன்னும் கௌம்பின பாடில்லை.

வர்ற செவ்வாய்க்கிழமை மறுபடி ஆனைமலை. எண்ணெய் வாங்கியாச்சு. "நியாயம் கெடச்சாத்தானே குளிர வைக்கணும், ஒயரே வரலையே அத்தை?"ன்னேன். "அதை நான் அவகிட்டப் பேசிக்கறேன், நீ பேசாம வா"ங்கறாங்க. பையனும் வர்றானாம். பஸ்ஸுல அவன் பக்கத்துல நான்தான் உக்காரணுமாம். அவன்கிட்ட என்னத்தைப் பேசறது? முப்பது வருசம் புள்ளைங்களோட மாரடிச்ச வாத்தியாரம்மா, திங்கக்கிழமைக்குள்ள ஒரு வரி எழுது.

உன்
சாந்தி